மாப்பிள்ளை சாப்பிட்ட பிறகு

மாப்பிள்ளையின் உயிரை என் வலது கையில் கட்டிவிட்டார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டை, காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு பொட்டு. அதே மாதிரி ஒரு பட்டையும் பொட்டும் ஓசூரில் அவருக்கு. பட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நான் தூத்துக்குடியில் பல் தேய்த்தால், அங்கே அவர் எழுந்து பல் தேய்ப்பார். நான் குளித்தால் குளிப்பார். நான் சோம்பல்பட்டுப் படுத்துக் கிடந்தால் அவரும் கிடப்பார், யாராவது கதவை உடைத்துத் திறக்கும்வரை.

கதவை உடைத்தது ஒரு முறை நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டை.

அவர் பெயர் தினகர். என் ஒரே மகள் சுபிக்ஷாவின் கணவர். சுபி போய் இரண்டு வருடம் ஆகிறது. தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவே இல்லை. நான் அழுது தீர்த்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பம்ப் நின்றாலும் அடுத்த பம்பை ஓடவிட்டே பழக்கப்பட்டுவிட்டேன். மாப்பிள்ளை அப்படி இல்லை. அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு நாள் படுத்தார், மறுநாள் எழுந்திருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வேறு. இன்சுலின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமலும் இருக்க முடியாது.

டாக்டர் நஸ்ரின் என்னை உட்காரவைத்துப் புரிய வைத்தார். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் முகத்தில் என்னைவிட அதிகக் களைப்பு.

"அவருக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. எழுந்திருக்கணும், குளிக்கணும், சாப்பிடணும்னு அவருக்கே தெரியுது. ஆனா உள்ளேர்ந்து 'எழுந்திரு'ன்னு ஒரு உந்துதல் வரணும் இல்லையா, அது வரல. வண்டி நல்லா இருக்கு, செல்ஃப் எடுக்கல."

"தள்ளி ஸ்டார்ட் பண்ணணுமாக்கும்."

"அதேதான். மருந்தும் குடுக்கறோம், அது வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் தள்ளறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க ஒரு வேலையை ஆரம்பிக்கறப்போ உங்க மூளையில ஒரு சின்னத் துடிப்பு வரும். அதை எடுத்து அவருக்கு அனுப்பறோம். அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் அண்ணன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். முதலில் அவர்தான் கட்டிக்கொண்டார். அங்கே அவருக்கு மீட்டிங் வரும், தூக்கம் வரும், மனைவியோடு சண்டை வரும். தம்பி பாதிக் குளியலில் நனைந்தபடி நிற்பான். அண்ணன் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம் யார் யாரையோ சோதித்துவிட்டு என்னையும் சோதித்தார்கள். சொந்த மகளோடே ஒத்துப்போகாத என் தலை, மாப்பிள்ளையின் தலையோடு ஒத்துப்போயிற்று.

"பேசாம அவர் வீட்லயே போய் இருந்துடலாமே" என்று டாக்டர் கேட்டார். மகள் இல்லாத வீட்டில் மாமியார் போய்க் குடியிருக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லமாட்டார், வாருங்கள் என்றும் சொல்லமாட்டார். தவிர அந்த வீட்டில் சுபியின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே தூரத்திலிருந்தே குடும்பம் நடத்தினேன். காலையில் பல், குளியல், மாற்றுத் துணி. அவர் மாத்திரை போடுகிற நேரத்தில் நான் ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொள்வேன். காலையும் இரவும் இருவருக்கும் கஞ்சி, மத்தியானம் சோறு. அவருக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும். சாயங்காலம் நான் கடற்கரைச் சாலையில் நடப்பேன், அவர் அடுக்ககத்தின் தாழ்வாரத்தில் நடப்பார். ஒவ்வொரு வேலையையும் அவர் முடித்ததும் என் பட்டை ஒரு முறை அதிரும். அதற்குப் பிறகு இன்னொரு தட்டுத் தட்டி மூடிவிடலாம்.

அந்த அதிர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனியாக இருக்கிறவளை யாரும் தொடுவதில்லை. பால்காரர் தொடமாட்டார், பக்கத்து வீட்டுக்காரி தொடமாட்டாள். ஒரு நாளில் என்னைத் தொடுகிற ஒரே சங்கதி அந்தப் பட்டைதான். அது அதிரும்போது யாரோ 'சரி' என்று சொன்ன மாதிரி இருக்கும்.

கல்யாணம், காட்சி என்று எங்கும் போக முடியாது. காய்ச்சல் வரக்கூடாது. என் தங்கை கோபித்துக்கொண்டு பேசுவதை விட்டுவிட்டாள். நல்லதாகப் போயிற்று, அவளுக்கு வாய் அதிகம். ஆனால் சில நாள் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவளாவது இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

என் பழக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் போயின. நடக்கும்போது அவர் கை அடிக்கடி இடுப்புப் பக்கம் போகிறதாம். டாக்டர் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் நடக்கும்போது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிற வழக்கம். கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆள் நடமாடுகிறார், சவரம் செய்துகொள்கிறார், கூப்பிட்டால் போனில் "நல்லாருக்கேன் அத்தை" என்கிறார். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். அப்போதுதான் தாழ்வாரத்தில் மயங்கி விழுந்தார்.

சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் பிழைத்தார். நான் ராத்திரி வண்டி பிடித்து ஓசூர் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. போனில் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினால் இதெல்லாம் எங்கே தெரிகிறது.

டாக்டர் நஸ்ரின் என்னை வெளியே அழைத்துப் போனார்.

"மத்தியானம் அவர் தட்டு முன்னாடி உக்காந்ததும் வயித்துல ஒட்டியிருக்கற வில்லை இன்சுலின் போட்டுடும்மா. சாப்பிடுவார்னு நம்பிப் போடுது. அவர் சாப்பிடல. எடையைப் பாத்தா ரொம்ப நாளாவே சாப்பிட்டிருக்க மாட்டார்."

"இல்லையே டாக்டர். தெனமும் சாப்பிட்டு முடிச்சதுக்கு எனக்குப் பட்டை அதிருதே."

"அவரைக் கேட்டா அவரும் சாப்பிட்டேன்னுதான் சொல்றார்." டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க துடிப்புக்குப் பலம் பத்தலையோ என்னவோ. இன்னொரு தடவை இப்படி ஆனா அவரைக் கூட்டுத் தொடக்கத்துக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

கூட்டுத் தொடக்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சொந்தமாகத் தள்ளிவிட ஆள் இல்லாதவர்களும், ஆள் இருந்தும் பட்டை கிடைக்காதவர்களும் இருக்கிற கூடம் அது. நடுவில் கண்ணாடி அறை. அதற்குள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒரு பெண் நின்றுகொண்டு டம்ளரை எடுத்தாள். கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே சமயத்தில் டம்ளரை எடுத்தார்கள். அவள் குடித்தாள், குடித்தார்கள். அவள் வாயைத் துடைத்தாள், துடைத்தார்கள். ஒருவர் கண்ணிலும் இன்னொருவர் படவில்லை. வாசல் பக்கம் ஒரு அம்மாள் தன் மகனைக் காட்டி, "பட்டைக்கு எழுதிக் குடுத்திருக்கேம்மா, யாராவது திருப்பிக் குடுத்தாத்தான் கிடைக்குமாம்" என்றார். அங்கே போனால் மாப்பிள்ளை சாகமாட்டார், அது நிச்சயம். ஆனால் நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

அவரை விட்டுவிட்டால் என் மகளோடு வாழ்ந்த இன்னொரு உயிர் எனக்கு இந்த உலகத்தில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம் டாக்டர் வீடியோவில் வந்தார். மாப்பிள்ளையின் வீட்டில், மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இன்னிக்கு நீங்க சாப்பிடறதை நான் பாக்கணும். எப்பவும் எப்படிச் சாப்பிடுவீங்களோ அப்படியே சாப்பிடுங்க."

"மாப்பிள்ளை பாத்துருவாகளே."

"போனை என் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன். பாக்க மாட்டார்."

தட்டில் சோறு போட்டேன். பட்டையைத் தட்டினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். பிறகு வழக்கம்போலக் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"நீங்கதான சொன்னீங்க, ஆரம்பிச்சு விட்டா போதும்னு. ஆரம்பிச்சாச்சு. இனி அவுக சாப்பிட்டு முடிக்கட்டும்."

"நீங்க?"

"மாப்பிள்ளை சாப்பிடாம நான் எப்படி டாக்டர் சாப்பிடுதது?"

 டாக்டர் தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றவே விளக்கமாகச் சொன்னேன். சுபிக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான். கஞ்சி, காப்பிக்கெல்லாம் இந்த முறை கிடையாது, சோற்றுக்குத்தான். கொஞ்ச நேரம் காத்திருப்பேன். கை காய்ந்துபோகும், எழுந்து கழுவுவேன். சொல்லிவைத்த மாதிரி அப்போது பட்டை அதிரும். சரி, மாப்பிள்ளை சாப்பிட்டாச்சு என்று பட்டையை மூடிவிட்டு நான் சாப்பிடுவேன்.

டாக்டர் மெல்லக் கேட்டார். "நீங்க காத்திருக்கற நேரம் முழுக்கப் பட்டை திறந்தே இருக்குமா?"

"பின்னே? அவுக முடிச்ச பொறவுதான மூடணும்."

"அம்மா, கையை நிறுத்தி வெச்சுக்கறதும் ஒரு செயல்தான். அதுவும் போகுது." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க ஒரு வாய் வெச்சீங்க, அவரும் ஒரு வாய் வெச்சார். நீங்க காத்திருந்தீங்க, அவரும் காத்திருந்தார். நீங்க கை கழுவினீங்க, அவரும் கழுவினார். அதைத்தான் பட்டை சாப்பிட்டு முடிச்சதா நெனச்சு அதிர்ந்திருக்கு. அவரைக் கேட்டா சாப்பிட்டேன்னு சொன்னது பொய் இல்ல. ஒரு வாய் சாப்பிட்டிருக்கார்."

 பட்டையை மூடிவிட்டுத் தினமும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். மோருக்கு ஊறுகாய் வேறு தொட்டுக்கொண்டேன். அவரை நான்தான் பட்டினி போட்டிருக்கிறேன், அதுவும் மரியாதையாக.

"எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார் டாக்டர். "என் வீட்டுக்காரர் வந்தா நாற்காலியில உக்கார மாட்டாங்க. எனக்கே இது தோணியிருக்கணும். இப்ப நீங்க சாப்பிடணும். கடைசி வாய் வரைக்கும். பட்டையைத் திறந்து வெச்சுக்கிட்டு, அவருக்கு முன்னாடி."

"அது எப்படி டாக்டர்?"

அப்போது மாப்பிள்ளையின் குரல் வந்தது. ஆளைக் காட்டாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"சாப்பிடுங்க அத்தை."

குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.  தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். கை கழுவியதும் பட்டை அதிர்ந்தது. அன்றைக்குத்தான் அது உண்மையில் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு சாப்பாடு எனக்கு வேலையாகிவிட்டது. ரசத்தை ஊற்றிப் பேருக்கு விழுங்குகிற ஆள் நான். இப்போது குழம்பு, கூட்டு, மோர் என்று வரிசையாகச் சாப்பிட வேண்டியிருந்தது. மீன் வாங்கினேன். சுபி போனதிலிருந்து வீட்டில் மீன் இல்லை. ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டு, "அம்மா, மெஸ் சாம்பார் சாதத்துல உங்க மாப்பிள்ளை முள்ளு தேடறார்" என்றார். கூப்பிட்டு இப்படி எதையாவது சொல்வதற்கு அவரும் ஆள் தேடுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையின் எடை ஏறியது. எனக்கும் ஏறியது, ரவிக்கை எல்லாம் பிரித்துத் தைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வரிசையாகப் பரிமாறிக்கொண்டு சாப்பிடுவதைப் போலத் தனிமை வேறு இல்லை. நின்றுகொண்டு விழுங்கும்போது தெரியாது. உட்கார்ந்தால் எதிரே காலியாக இருக்கிற இடம் தெரியும்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முந்தின நாள் நடையில் நனைந்துவிட்டேன். காலையில் எப்படியோ பல் தேய்த்து, வெந்நீரில் குளித்து, கஞ்சி குடித்தேன். மத்தியானம் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் வீடு சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாம் என்றால் சுவரைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குக் குரல் எழவில்லை. சோற்று நேரம் நெருங்கியது. அவர் பழக்கத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வில்லை இன்சுலினைப் போட்டுவிடுமே. டாக்டரைக் கூப்பிடக் கையை நீட்டித் தடவினேன், போன் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தேன்.

பட்டை அதிர்ந்தது.

நான் எதுவும் அனுப்பவில்லை. பட்டை மூடியே இருந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்துவிட்டார்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். முதலில் சந்தோஷத்தில்தான் அழுதேன். பிறகு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு இனி நான் வேண்டாம் என்பது மெல்லத்தான் உறைத்தது. அழுகை நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

கட்டிலுக்கு அடியில் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவராக என்னைக் கூப்பிட்டது சுபி போன பிறகு இதுதான் முதல் தடவை.

"அத்தை, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. லேசாக் காய்ச்சல்."

"இன்னிக்கு மத்தியானம் உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வரல. அதான் பயந்துட்டேன்."

"நீங்க சாப்பிட்டீங்களே."

தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "கொஞ்ச நாளாவே நானாத்தான் சாப்பிடுதேன் அத்தை. உங்களுது வரும், அதுக்கு முன்னாலயே கை போயிரும்" என்றார்.

"டாக்டர்ட்ட சொல்லலையா?"

"சொன்னா கழட்டிருவாங்க."

"கழட்டினா நல்லதுதான?"

"அப்புறம் மத்தியானம் யாரு கூடச் சாப்பிடுதது அத்தை?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார்.   பேசாமல் பட்டையை வைத்துக்கொண்டிருந்தால் தேவலை போல இருந்தது. நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லமாட்டார். அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படியே வருடக்கணக்காக ஓட்டலாம், எங்களுக்கு அதில் நஷ்டம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கூடம் கண்ணுக்குள் வந்து நின்றது. வாசலில் நின்ற அந்த அம்மாளும் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அங்க ஒரு பிள்ளை உக்காந்திருக்கு. அதுக்கு அம்மா இருக்கா, பட்டைதான் இல்ல. நாம ரெண்டு பேரும் வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"இல்ல அத்தை. நானே டாக்டர்ட்ட சொல்லுதேன்" என்றார். "ஆனா மத்தியானம் போன் போடுவேன். நீங்க எடுக்கணும்."

டாக்டர் சில நாள் சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டு பட்டைகளையும் வாங்கிக்கொண்டார். என் காதுக்குப் பின்னாலிருந்த பொட்டை உள்ளூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. மறுநாள் காலை பல் தேய்க்கப் போனபோது, யாருக்காகத் தேய்க்கிறோம் என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். குளிக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது. உலை வைக்கவும் மனசில்லை. போன் வரும் என்பதற்காகத்தான் வைத்தேன்.

மத்தியானம் போன் வந்தது. தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். திரையில் மாப்பிள்ளை கேரியரைத் திறந்து தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

அவர் கை வைக்கவில்லை. பெரியவள் ஆரம்பிக்கட்டும் என்று இருக்கிறார். எத்தனையோ மத்தியானங்கள் நான் முதலில் சாப்பிட்டுப் பழக்கிவிட்டது. நானும் கை வைக்கவில்லை. வழக்கத்தால் இல்லை. வைக்க வேண்டும் என்று தெரிகிறது, சோறு ஆறுகிறது என்று தெரிகிறது, கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. தூக்கு என்கிறேன், தூக்கவில்லை. இதற்கு முன் அதை அவருக்காகத்தான் தூக்கியிருக்கிறேன். வெறுமனே எனக்காகத் தூக்க அதற்குத் தெரியவில்லை. இத்தனை நாள் மாப்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பயமாக இருந்தது.

"நீங்க ஆரம்பிங்க மாப்பிள்ளை" என்றேன். குரல் எப்படியோ வந்துவிட்டது.

"இல்ல அத்தை, நீங்க."

 அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எழாதவர் முகம் எப்படி இருக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, சாப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"அத்தை, பசிக்குது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இரண்டு வருடமாக நான் கேட்டதில்லை. கை போகும், வாய் மெல்லும், எடை ஏறும், ஆனால் பசிக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில்கூட என்னிடம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்காதவர்.

பசிக்கிறது என்கிற பிள்ளையை எவ்வளவு நேரம் உட்காரவைப்பது. சோற்றைப் பிசைந்து, அவர் பார்க்கப் பார்க்க, முதல் வாயை வைத்தேன்.